அத்தையின் மாத்திரையும் சுண்டெலியின் கருவும்

(திரையில்: சாப்பாட்டு மேசை, அதன் ஓரத்தில் ஒரு மாத்திரை டப்பா)

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அத்தை வீட்டு மேசையில் ஐந்து வருடமாக ஒரு மாத்திரை டப்பா இருந்தது. டமாக்ஸிஃபென். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தபின் தினம் ஒன்றாக அவர் போட்டுக்கொண்ட மாத்திரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் லேபில் இதே மருந்தைச் சோள எண்ணெயில் கரைத்துச் சினையாக இருக்கும் சுண்டெலிக்குக் கொடுக்கிறோம் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, எலிக்குமா புற்றுநோய்?"

இல்லை, அந்த எலிக்கு ஒரு நோயும் இல்லை. அதன் வயிற்றில் வளரும் குட்டிகளில் ஒரு ஜீனை, நாங்கள் குறித்த நாளில் நிறுத்தத்தான் அந்த மருந்து. அன்று அத்தை கேட்ட கேள்விகளை வைத்தே இந்த வீடியோவைச் செய்கிறேன், ஏனென்றால் அதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியவில்லை.

முதல் கேள்வி: நிறுத்தத்தான் வேண்டும் என்றால் அந்த ஜீனே இல்லாத எலியைப் பிறக்க வைக்கலாமே, எதற்கு நாள் பார்க்க வேண்டும்?

வைக்கலாம். 1989-இலேயே அப்படி எலிகள் வந்துவிட்டன. ஒரு ஜீனைக் குறிபார்த்து உடைத்துவிடும் இந்த நாக்அவுட் எலிகளுக்கு வழி செய்த மாரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மிதிஸ் மூவரும் 2007-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் வளரும் கருவைப் பற்றிக் கேட்கும்போது அந்த முறை ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். எஃப்ஜிஎஃப்-10 என்று ஒரு ஜீன் இருக்கிறது. அது இல்லாத எலிக் கருவுக்குக் கால்கள் முளைக்காது, நுரையீரலும் உருவாகாது. தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜன் கிடைக்கும்வரை வயிற்றுக்குள் உயிரோடு இருக்கும், பிறந்ததும் இறந்துவிடும். சரி, இந்த ஜீன் நுரையீரலுக்குத் தேவை என்று தெரிந்துவிட்டது. ஆனால் நுரையீரல் முளைத்து, கிளை பிரிந்துகொண்டிருக்கும்போது அதே ஜீன் என்ன வேலை பார்க்கிறது? அந்தக் கட்டத்துக்கே வராத கருவிடம் இதை எப்படிக் கேட்பது?

அத்தைக்கு நான் சாம்பாரை வைத்துச் சொன்னேன். காய் வேகும் முன்னே புளியை ஊற்றினால் காய் வேகவே வேகாது, வெந்த பிறகு ஊற்றினால் சாம்பார். புளி அதே புளிதான். கருவிலும் அப்படித்தான், ஒரே ஜீன் ஒன்பதாம் நாள் ஒரு வேலையும் பதினான்காம் நாள் வேறு வேலையும் பார்க்கும். சுண்டெலியின் கர்ப்பமே சுமார் 20 நாள்தான். அதற்குள் வெறும் செல் உருண்டை ஒன்று கண், காது, விரல் எல்லாம் உள்ள குட்டியாகிவிடுகிறது, அதனால் எங்களுக்கு ஒரு நாள் பிசகினாலும் கேள்வியே மாறிவிடும்.

(திரையில்: நீளமான ஒரு டிஎன்ஏ இழை, அதில் இரண்டு சிவப்புக் குறிகள்)

இப்போது கத்தரிக்கோலைப் பார்ப்போம். பாக்டீரியாவைத் தாக்கும் பி1 என்ற வைரஸிடம் கிரீ என்று ஒரு என்சைம் இருக்கிறது. அது டிஎன்ஏவில் 34 எழுத்து நீளமுள்ள ஒரு குறியைத் தேடும். அந்தக் குறிக்குப் பெயர் லாக்ஸ்-பி. ஒரே திசையில் இரண்டு குறிகள் இருந்தால் நடுவில் உள்ளதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிடும். எலியின் சொந்த டிஎன்ஏவில் இந்தக் குறி கிடையாது என்பதால், நாம் எந்த ஜீனின் இரண்டு பக்கமும் குறி வைக்கிறோமோ அதுதான் போகும். குறி வைத்த எலி சாதாரண எலி மாதிரியே வளரும், குட்டி போடும். அதைக் கிரீ உள்ள இன்னொரு எலியோடு சேர்த்தால்தான் வெட்டு விழும்.

இதில் என்னை இன்றைக்கும் அசர வைப்பது, கிரீயை எங்கே வைக்கிறோம் என்பதுதான். எலியின் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய எல்லா ஜீன்களும் இருக்கின்றன, ஆனால் கல்லீரல் செல்லில் ஓடும், அதாவது வேலை செய்யும் ஜீன் மூளை செல்லில் ஓடாது. ஒரு ஜீன் எங்கே ஓட வேண்டும் என்று சொல்வது அதன் முன்பகுதி. கல்லீரலில் மட்டும் ஓடும் அல்புமின் ஜீனின் முன்பகுதியை எடுத்துக் கிரீக்கு முன்னால் ஒட்டிவிட்டால் கல்லீரலில் மட்டும் வெட்டு நடக்கும், மற்ற உறுப்புகளில் ஜீன் பத்திரமாக இருக்கும். ஜெர்மனியில் கிளாஸ் ராயெவ்ஸ்கியின் குழு 1994-இல் ஒரு ஜீனை டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களில் மட்டும் இப்படி நீக்கிக் காட்டியது.

இப்படி இடத்தைத் தேர்ந்தெடுத்தாயிற்று. நாளைத் தேர்ந்தெடுக்கத்தான் அத்தையின் மாத்திரை.

மார்பகப் புற்றுநோய் செல் பலவற்றில் ஈஸ்ட்ரஜன் என்ற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கும். ஈஸ்ட்ரஜன் வந்து உட்கார வேண்டிய இடத்தில் டமாக்ஸிஃபென் போய் உட்கார்ந்துகொள்ளும், அத்தைக்கு அது வேலை செய்தது அப்படித்தான். விஞ்ஞானிகள் அந்தப் புரதத்தில் மருந்தைப் பிடிக்கும் துண்டை மட்டும் வெட்டி, உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரஜன் அதில் ஒட்டாதபடி சற்று மாற்றி, கிரீயின் வாலில் ஒட்டிவிட்டார்கள். பிரான்சில் பியர் ஷாம்போனின் ஆய்வுக்கூடம் இதில் பெரும்பங்கு வகித்தது. வால் ஒட்டிய கிரீயைச் செல்லுக்குள் மற்ற புரதங்கள் பிடித்துக்கொண்டு, டிஎன்ஏ இருக்கும் நியூக்ளியஸுக்கு வெளியே நிறுத்தி வைக்கும். கத்தரிக்கோல் இருக்கிறது, ஆனால் துணி இருக்கும் அறைக்குள் போக முடியாது. மருந்து வந்து ஒட்டியதும் பிடி தளர்ந்து உள்ளே போகும், வெட்டும். தாய் எலிக்கு இன்று மருந்து கொடுத்தால் ஏறக்குறைய ஒரு நாளில் கருவில் வெட்டு நடந்திருக்கும்.

அப்புறம் அத்தை கேட்டதுதான் என்னை ஒரு நிமிடம் யோசிக்க வைத்தது. "மருந்தை நிறுத்திட்டா அந்த ஜீன் திரும்பி வந்துடுமா?"

வராது. டிஎன்ஏவையே வெட்டியாயிற்று. அந்தச் செல்லுக்கும் அதிலிருந்து பிரியும் எல்லாச் செல்களுக்கும் அது போனது போனதுதான். திரும்பி வர வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது, அதற்கு முகப்பருவுக்கு டாக்டர் எழுதித் தருகிற டாக்ஸிசைக்ளின். ஹெர்மன் புயார்டும் மான்ஃபிரெட் காசனும் 1992-இல் வெளியிட்ட முறை இது. டாக்ஸிசைக்ளினின் குடும்பத்து மருந்தான டெட்ராசைக்ளினை உணரும் ஒரு புரதம் பாக்டீரியாவிடம் உண்டு, அதைப் பாலூட்டிகளின் செல்லில் ஜீனுக்கு முன்னால் உட்கார்ந்து கட்டளை கொடுக்கும் புரதமாக மாற்றினார்கள். முதலில் வந்த வகையில் மருந்து இருக்கும்வரை ஜீன் ஓடாது. 1995-இல் வந்த வகையில் மருந்து இருந்தால்தான் ஓடும். டிஎன்ஏ வெட்டப்படுவதே இல்லை, அதனால் தண்ணீரில் மருந்தைக் கலந்தும் நிறுத்தியும் ஜீனை ஓட்டலாம், நிறுத்தலாம். மருந்து கசக்கும் என்பதால் தண்ணீரில் சர்க்கரை சேர்ப்போம், வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் பாட்டிலை மூடி வைப்போம். ஆனால் விளக்கை அணைத்த மாதிரி சட்டென்று நிற்காது, உடம்பிலிருந்து மருந்து வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். 20 நாள் கர்ப்பத்தில் அந்தக் காத்திருப்பு சின்ன விஷயம் இல்லை.

கருவிகளுக்கும் சொந்தக் குணம் இருக்கிறது, இதை யாரும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் வருத்தம். டமாக்ஸிஃபென் பெற்ற தாய்க்குப் பிரசவம் சிக்கலாகலாம், அதனால் சேர்த்து புரோஜெஸ்டிரோன் என்ற கர்ப்ப கால ஹார்மோனைக் கொடுப்பார்கள், சில நேரம் அறுத்துக் குட்டிகளை எடுத்து வேறு தாயிடம் பால் குடிக்க விடுவார்கள். முகத்தின் எலும்புகளாக மாறும் செல்களைப் பிடிக்க உலகமே பயன்படுத்திய, டபிள்யூஎன்டி-1 என்ற ஜீனின் முன்பகுதியோடு கிரீயை ஒட்டிய எலியில், கிரீயைச் சுமந்து வந்த டிஎன்ஏ துண்டே நடுமூளையை அளவுக்கு மீறி வளர வைக்கிறது என்று 2013-இல் காட்டினார்கள். அதற்குள் எத்தனை ஆய்வுகள் முடிந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். நான் தொடக்கத்தில் ஒரு சோதனையில் கிரீ மட்டும் உள்ள, குறி இல்லாத எலிகளை ஒப்பீட்டுக்கு வைக்க மறந்தேன். நான்கு மாத வேலையைத் திரும்பச் செய்தேன். வீணானது என் நேரம் மட்டும் இல்லை, எலிகளின் உயிரும்தான்.

"அதுங்களுக்கு வலிக்காதா?" என்று அத்தை கடைசியாகக் கேட்டார். வலி குறைவாக இருக்க வேண்டும், எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும், எலி இல்லாமல் முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும், இவை சிங்கப்பூரில் 2004-இல் வந்த தேசிய வழிகாட்டிகளில் இருக்கின்றன. ஒவ்வொரு திட்டத்தையும் ஒரு குழு பார்த்து அனுமதித்த பிறகுதான் தொடங்கலாம். எண்ணிக்கை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், ஒரு ஜீன் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக இருக்கும். இரண்டு பிரதியிலும் குறி உள்ள எலியை, ஒரு பிரதியில் குறியும் ஒரு கிரீயும் உள்ள எலியோடு சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்குத்தான் நமக்கு வேண்டியபடி இரண்டு பிரதியிலும் குறியும் கூடவே கிரீயும் அமையும். எட்டு குட்டியில் இரண்டு. நாளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அந்த இரண்டே போதுமானதாக இருக்கும் என்பதால்தான் இவ்வளவு கவனம்.

(திரையில்: குடலின் குறுக்குவெட்டு, அடியிலிருந்து மேலே ஏறும் நீலக் கோடு)

திரும்பி வராத வெட்டு என்று குறையாகச் சொன்னேன் இல்லையா, அதையே வரமாக்கிய ஒரு சோதனையைக் காட்டுகிறேன். நிறம் கொடுக்கும் ஜீனுக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்து, தடுப்பின் இரண்டு பக்கமும் லாக்ஸ்-பி குறி வைப்பார்கள். கிரீ தடுப்பை வெட்டினால் அந்தச் செல்லும் அதன் வாரிசுகள் அனைத்தும் நிறம் பெறும். நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வுக்கூடத்தில் நிக் பார்க்கரும் உடன் பணியாற்றியவர்களும் 2007-இல் எல்ஜிஆர்-5 என்ற ஜீன் ஓடும் செல்களில் இதைச் செய்தார்கள். அந்த பார்க்கர் பின்னர் சிங்கப்பூருக்கு வந்து பயோபோலிஸ் என்ற ஆய்வு வளாகத்தில், நம் புவன விஸ்தா எம்ஆர்டிக்குப் பக்கத்தில், ஆய்வுக்குழு நடத்தினார்.

எலிக் குடலின் உள்பரப்பு மூன்று முதல் ஐந்து நாளில் முழுதாகப் புதுப்பிக்கப்படும். டமாக்ஸிஃபென் கொடுத்த மறுநாள், குடல் சுவரில் உள்ள சிறு குழியின் அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒற்றை நீலச் செல்கள். சில நாளில் அதே செல்லிலிருந்து நீல நாடா ஒன்று குழியிலிருந்து மேலேறி, விரல் போல் நீட்டி நிற்கும் குடலுறிஞ்சியின் நுனிவரை. 60 நாள் கழித்தும், சுற்றியிருந்த செல்கள் பத்துத் தடவைக்கு மேல் உதிர்ந்து புதிதாக வந்த பிறகும், அந்த நீலம் அப்படியே இருந்தது.