தமிழில் பில் போட டிகிண்டரா, கியூட்டா?

அடுத்த கேள்வி காட்பாடியிலிருந்து ஒரு தம்பி. "அண்ணா, எங்க மாமா மளிகைக்கடைக்கு பைத்தானில் பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். பொருள் பெயரெல்லாம் தமிழில் வரணும். டிகிண்டர் போதுமா, பைகியூட் கத்துக்கணுமா?"

தமிழ் என்று சொன்னீர்கள் பாருங்கள், பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது. டிகிண்டர், கியூட் இரண்டும் திரையில் பெட்டி, பொத்தான் எல்லாம் வரைய உதவும் கருவித் தொகுப்புகள். பைகியூட் என்பது கியூட்டைப் பைத்தானில் பயன்படுத்தும் வழி. டிகிண்டர் விண்டோஸில் பைத்தானோடு சேர்ந்தே வரும், கற்கவும் சுலபம். ஆனால் அதே நிரலை லினக்ஸில் ஓட்டி, 'பெருங்காயம்' என்று எழுதிப் பாருங்கள். கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கும். யூனிகோடில் 'ப' முதலிலும் கொம்பு அதற்கு அடுத்தும்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்தை வரைகிற நிரலின் வேலை. லினக்ஸில் டிகிண்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6 அதைச் செய்வதில்லை. கியூட் தனக்குள் இருக்கும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக் கோக்கும் நிரலை வைத்துச் செய்துவிடுகிறது. ஜிடிகே என்ற இன்னொரு கருவித் தொகுப்பும் செய்யும், ஆனால் விண்டோஸில் அதை நிறுவுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் என் ஓட்டு கியூட்டுக்கு.

அதிலும் பைகியூட்டை விட, கியூட்டைப் பைத்தானில் பயன்படுத்தும் இன்னொரு வழியான பைசைடு எடுங்கள். பைகியூட், நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் தர வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. மாமா கடையோடு நின்றால் கவலையில்லை. நாளைக்கு குடியாத்தம், ஆற்காடு கடைகளுக்கும் விற்கிறீர்கள், மூலநிரலைத் தர மனமில்லை என்றால் வணிக உரிமம் வாங்க வேண்டியிருக்கும். பைசைடு அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. அதன் நிபந்தனைகளைப் பின்பற்றினால் உங்கள் நிரலை நீங்களே வைத்துக்கொள்ளலாம். எழுதும் விதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்புறம், கல்லாவில் இருக்கும் கணினி எது என்று முதலில் பாருங்கள். பைசைடு 6-க்கு விண்டோஸ் 10 வேண்டும். மாமா இன்னும் விண்டோஸ் 7-ஐ விடவில்லை என்றால் பைத்தான் 3.8, பைசைடு 2 என்று இறங்கித்தான் வர வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதில்தான் மாட்டுவீர்கள்: பிரிண்டர். திரையில் தமிழ் அழகாக வரும், சின்ன பில் பிரிண்டரில் கேள்விக்குறியாகக் கொட்டும். பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. எழுத்தாக அனுப்பாதீர்கள். கியூட்டின் வரையும் கருவியான கியூபெயிண்டரில் பில் முழுவதையும் படமாக வரைந்து அந்தப் படத்தை அனுப்புங்கள். 80 மி.மீ. தாள் என்றால் வழக்கமாக 576 புள்ளி அகலம், 58 மி.மீ. என்றால் 384.