கொடைக்கானலில் ஒரு படுக்கைக்கு எத்தனை லிட்டர்?

மதுரைப் பெரியோர்களே, தாய்மார்களே, மலையில் விடுதி நடத்தும் அன்பர்களே, வணக்கம்!

சித்திரை வெயில் ஏறியதும் நம் வண்டிகள் வத்தலக்குண்டு தாண்டி மலையேறுகின்றன. மலையில் ஊற்றுகள் மெலிந்து கிடப்பதும் அப்போதுதான். 1863-ல் கொடைக்கானல் ஏரியை அமைத்தவர் மதுரை கலெக்டராக விளங்கிய லெவிஞ்ச். அந்த உறவு நமக்குப் பொறுப்பும் தருகிறது. 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது. 2025 கோடையில் வார நாளுக்கு 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என வரம்பும் வந்தது. நல்லது. வண்டிகளோடு படுக்கைகளையும் எண்ணுங்கள் என்கிறேன்.

விடுதியில் ஒரு படுக்கைக்கு நாளுக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தர அளவு. 20 படுக்கைக்கு 3,600 லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் 1,000 மில்லிமீட்டர் மழை விழுந்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,60,000 லிட்டர் கிடைக்கும். அத்தனைக்கும் தொட்டி கட்ட இடம் இராது. ஐப்பசி, கார்த்திகையில் 50,000 லிட்டர் பிடித்து, வெளிச்சம் புகாமல் மூடி வைத்தால் மே மாதத்தில் இரண்டு வாரம் ஓடும். முதல் மழையில் 200 லிட்டரை வெளியே விட்டுவிடுங்கள். கூரைச் சருகும் எச்சமும் அதோடு போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. மதுரையில் வீட்டோரம் மழைநீர்க் குழி வெட்டுகிறோமே, அதைச் செங்குத்துச் சரிவில் செய்யாதீர்கள். மண் நீரைக் குடித்துக் கனத்து, பிடி விட்டுச் சரியும். செப்டிக் டேங்க் கழிவுநீர்க் குழியும் அப்படித்தான். தொட்டி நிரம்பி வழியும் நீரைப் படிப்படியான வாய்க்காலில் இயற்கை ஓடைக்குக் கொண்டுசேருங்கள். ஓடையை அடைத்துக் காட்டேஜ் கட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

சரிவு மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு நீர் வடியும் துளை வேண்டும், பின்னால் ஓரடி கனத்துக்கு ஜல்லி வேண்டும். ஜல்லி இல்லாவிட்டால் சேறு துளையை அடைக்கும். அழகுக்காகத் துளைகளைப் பூசி மறைக்கிறார்கள். இரண்டு நாள் அடைமழையில் பின்னால் தேங்கிய நீர் சுவரையே தள்ளுகிறது. சுவர் வயிறு தள்ளினால் கீழறைகளை உடனே காலி செய்யுங்கள்.

விடுதிக்காரர்களே, மார்ச் முடிவில் தொட்டி இருப்பை 60 நாளுக்குப் பிரியுங்கள். அன்றாடக் குழாய் நீரைக் கூட்டி 180-ஆல் வகுங்கள். ஏப்ரல், மே மாதங்களுக்கு அத்தனை படுக்கைகளுக்கே முன்பதிவு எடுங்கள். டேங்கர் லாரித் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அக்கம்பக்கத்துக் கிராமத்தார் குடிக்க வேண்டிய தண்ணீர்.