துரியோதனனுக்குப் பத்து ரூபாய்

நடுவர் அவர்களுக்கும், எதிரணிக்கும், பள்ளிகொண்டா மக்களுக்கும் வணக்கம். பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால் வணக்கத்துக்கு இவ்வளவுதான்.

வீழ்ந்துபோன நாயகனை நாம் புரிந்துகொள்வது மேடையிலா, வாழ்க்கையிலா என்பது தலைப்பு. நான் மேடை அணி. என் கையில் நான்கு பக்கக் குறிப்பு இருந்தது. அரிஸ்டாட்டில் எல்லாம் அதில் இருந்தார். மிக நல்லவனும் வேண்டாம், மிகக் கெட்டவனும் வேண்டாம், ஏதோ ஒரு பிழையால் விழுகிற நடுத்தரமானவன்தான் பார்ப்பவனுக்கு இரக்கத்தையும் அச்சத்தையும் தருவான் என்று அவர் சொல்லி இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதையெல்லாம் பேச விடாமல் எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். "கூத்தில் செத்த கர்ணன் விடிந்ததும் எழுந்து டீ குடிக்கிறான். வாழ்க்கையில் செத்தவன் எழுந்து டீ குடிப்பானா?" நீங்களும் கை தட்டினீர்கள். எனக்கே ஒரு கணம் தட்டலாம் போலத்தான் இருந்தது.

அந்த டீ கேள்விக்குப் பிறகு பதில் சொல்கிறேன். முதலில் அவர் பெருமையாக எடுத்துவைத்த கண்டி மன்னர். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்டியின் கடைசி அரசர். 1815இல் ஆட்சியை இழந்தார், மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கைதியாக வந்தார், 1832இல் இங்கேயே இறந்தார். தன் அமைச்சராக இருந்த எகலப்பொலையின் மனைவி மக்களைக் கொல்லச் செய்தார், அந்த எகலப்பொலையே வெள்ளைக்காரனுக்கு வழிகாட்டினார். ஐயா சொன்னது எல்லாம் உண்மை. நம் வீட்டு வாசலிலேயே ஒரு துன்பியல் நாயகன். சரி, பாலாற்றங்கரையில் அவருடைய நினைவிடமான முத்துமண்டபத்தைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஒன்று, இரண்டு... அந்தத் தம்பி தலையைச் சொறிகிறார், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

இப்போது இன்னொருவர். செஞ்சி தேசிங்கு. ஆற்காட்டு நவாபுக்குப் பணிய மறுத்து, 1714இல், கோட்டையை விட்டு வெளியே வந்து, சில நூறு பேரோடு பெரும்படையில் பாய்ந்து செத்த இளைஞன். கண்டி மன்னருக்கும் நூறு ஆண்டுகள் முன்னால் போனவன். அவன் குதிரையின் பெயர் என்ன? பாருங்கள், கேட்டு முடிப்பதற்குள் பின்வரிசைப் பெரியவர் "பாராசாரி" என்கிறார்! மணக்கோலத்தோடு ஓடிவந்த நண்பன் யார் என்றால் "மோவுத்துக்காரன்" என்று நீங்களே சொல்வீர்கள். ராணிப்பேட்டைக்குப் பெயர் வந்ததே அவன் மனைவியால்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கண்டி மன்னர் நம்மிடையே பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார், அவருக்குக் கையே தூங்கிவிட்டது. தேசிங்குக்குக் கதைப்பாட்டு உண்டு, கூத்து உண்டு, அதனால் அவன் குதிரைக்குக்கூட முகவரி இருக்கிறது.

இப்போது டீ.

எங்கள் ஊர் இங்கிருந்து அதிக தூரம் இல்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கிருஷ்ணன் தூது நடந்த இரவு. எனக்கு எட்டு வயது இருக்கும். துரியோதனன் கட்டை கட்டி, கிரீடத்தோடு, முகமெல்லாம் சிவப்புப் பூசி, "பாண்டவர்களுக்கு ஈ உட்காரும் இடம்கூடத் தரமாட்டேன்" என்று அடித்தொண்டையில் இழுத்தான். உடனே என் தாத்தா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்படிச் சொல்லடா ராஜா!" என்று கத்திவிட்டு நேராக மேடைக்குப் போய்ப் பத்து ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்துப் பத்து ரூபாய்!

தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் கிணற்று வழக்கு. மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், பாகம் ஆனது, கிணறு பாகம் ஆகவில்லை. சின்னத் தாத்தாவுக்குப் பாதிப் பங்கு கிடையாது, முறைத் தண்ணீர் கிடையாது. இது ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தது கூத்தின் கோமாளி கட்டியங்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? நோட்டை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தான். "ஈ உட்கார இடம் தராத துரியோதன மகாராஜாவுக்கு, தம்பிக்கு ஒரு குடம் தண்ணீர் தராத பெரியவர், பத்து ரூபாய் அன்பளிப்பு!" என்றான்.

நடுவர் சிரிக்கிறார். இன்னொரு முறை சொல்லட்டுமா? அவனும் அப்படித்தான் கேட்டான். கூட்டம் "சொல்லு, சொல்லு" என்றது. தாத்தா திரும்பி நடந்து இன்னும் தன் பாய்க்கு வந்து சேரவில்லை, இரண்டாம் முறை சொன்னான். உட்கார்ந்த பிறகு மூன்றாம் முறை, இந்த முறை ஆர்மோனியத்தோடு, ராகம் போட்டு! அன்றிலிருந்து எங்கள் வீட்டு முகவரியே மாறிவிட்டது. "பத்து ரூபாய் துரியோதனன் வீடு எது?" என்று கேட்டால் வெளியூர்க்காரனுக்கும் வழி சொல்வார்கள்.

தாத்தா அசரவில்லை. கடைசி நாள் படுகளத்துக்கும் முதல் ஆளாகப் போனார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். அவன் ஒரு கையின் மேல் நாங்கள் பத்துப் பிள்ளைகள் வரிசையாக ஓடலாம், அவ்வளவு பெரிய உருவம். பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி விரட்டி, தொடையில் கதாயுதம் விழுந்து, சிவப்பு வெளியே வந்து, பாஞ்சாலி கூந்தல் முடிந்தாள். ஊரே ஆரவாரம் செய்தது. அந்த மண் காலடியில் ஒருவர் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எங்கள் தாத்தா.

எல்லோரும் மண்ணைப் பிட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். தாத்தா கோயிலுக்குப் பின்பக்கம் போனார். நானும் பின்னால் ஓடினேன். எதிரணி ஐயா, கேளுங்கள். அங்கே துரியோதனன் டீ குடித்துக்கொண்டிருந்தான்! பாதி முகம் கழுவியிருந்தது, பாதியில் சிவப்பு. தாத்தா கேட்டார்: "ஏனப்பா, உனக்குப் புத்தி சொல்ல ஒரு ஆள்கூட இல்லையா?" அந்தக் கூத்தர் கிளாஸைக் கீழே வைத்தார். "விதுரர் சொன்னார். பீஷ்மர் சொன்னார். கிருஷ்ணரே வந்து சொன்னார். நான்தான் ஐயா கேட்கவில்லை" என்றார். துரியோதனன் கேட்கவில்லை என்று சொல்லவில்லை, "நான்" என்றார். வேடம் பாதி கலைந்தும் ஆள் கலையவில்லை.

செத்தவன் எழுந்து டீ குடிப்பதில்தான் இருக்கிறது மேடையின் பலம். அவனிடம் போய் ஏன் விழுந்தாய் என்று கேட்கலாம். முத்துமண்டபத்தில் படுத்திருப்பவரிடம் கேட்க முடியுமா? பாண்டியனைப் பாருங்கள். தப்பு தெரிந்த அதே நொடியில் "யானோ அரசன் யானே கள்வன்" என்று அரியணையிலேயே உயிரை விட்டான். காப்பியத்தில் விட்டான்! தப்பான உத்தரவு எழுதிவிட்டு, "நானே கள்வன்" என்று நாற்காலியிலிருந்து விழுந்த ஒரு அதிகாரியை உங்கள் வாழ்க்கையில் பார்த்திருக்கிறீர்களா? விழுகிற நாற்காலியை மாற்றித் தரச் சொல்லி மனு அல்லவா போடுவார்கள்!

அப்புறம் தாத்தா பங்கு கொடுத்தாரா என்றுதானே கேட்கிறீர்கள்? கொடுக்கவில்லை. அழுதவர் அழுதபடியே வீட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். சில ஆண்டுகள் கழித்துச் சின்னத் தாத்தா இறந்தார். தாத்தா அந்தக் கிணற்றில் தன் கையால் ஒரு குடம் இறைத்துத் தோளில் சுமந்து போனார். தம்பியைக் குளிப்பாட்ட. வாசற்படியில் குடத்தை வைத்துவிட்டுத் தெருவிலேயே நின்றார். உள்ளே போகவில்லை. சின்னப் பாட்டி வெளியே வந்து குடத்தைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரைத் தெருவில் கொட்டினார். அவர் செய்தது சரி, நான் குறை சொல்ல மாட்டேன். தெருவில் நின்றவர்கள் "கல் நெஞ்சக்காரன், இப்போது நடிக்க வந்துவிட்டான்" என்றார்கள். படுகளத்தில் அவர் அழுததைப் பார்த்த எனக்கு மட்டும் அது நடிப்பாகத் தெரியவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை ஈரமாக, நடுங்கிக்கொண்டிருந்தது.

தாத்தாவும் போன பிறகு என் அப்பா அந்தப் பாதிப் பங்கை எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டு பாலாறும் வறண்டிருந்தது, கிணறும் வறண்டிருந்தது. பத்திரத்தை வாங்கிப் படித்த சித்தப்பா, சின்னத் தாத்தாவின் மகன், "தண்ணீர் இல்லாத கிணற்றில் பாதி எதற்கு அண்ணா, ஈ உட்காரவா?" என்று கேட்டார். அப்பாவும் அவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டே இருவரும் அழுதார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.