தேதி அடித்த டயறியும் ஒரு கச்சான் சரையும்

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கும் அலைச் சத்தத்திலேயே தெரிந்திருக்கும், திருகோணமலையில் டச்சு பே கடற்கரையில்தான் நிற்கிறேன். மைக்கில் காற்று அடிக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த டயறி. ஜனவரி வீடியோவில் பெருமையாகத் தூக்கிக் காட்டினேனே, தங்க எழுத்துப் போட்டது. 1,650 ரூபா! அந்தக் காசுக்கு 80 பக்கக் கொப்பி பத்து வாங்கி மிச்சத்தில் பிளேன்டீயும் குடித்திருக்கலாம். விலையைக்கூட மன்னிப்பேன், பக்கத்துக்குப் பக்கம் தேதி அடித்து வைத்திருக்கிறார்களே, அதை மன்னிக்கமாட்டேன். எனக்கு மனச்சோர்வு மறுபடி அதிகமான பதினொரு நாளும் நான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பிறகு திறந்து பார்த்தால் பதினொரு வெள்ளைப் பக்கம், வீட்டுவேலை செய்யாத பிள்ளையை டீச்சர் பார்ப்பதுபோல. இப்போது அது அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.

அதில் எழுதிய பத்து இலக்கும் லேசுப்பட்டதில்லை. காலை ஐந்து மணிக்கு எழும்புவதாம், இரவுக் குளிசை என்னை எட்டு மணிவரை அமத்தி வைத்திருக்கும்போது! கன்னியாவுக்குப் போய் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் குளிப்பதாம். எல்லாரும் சொல்லும் 'ஸ்மார்ட்' இலக்கு முறையில்தான் எழுதினேன். அதை ஜோர்ஜ் டோரன் என்பவர் 1981இல் கம்பனி மனேஜர்மாருக்காக எழுதினார் என்று இப்போதுதான் தெரியும். SMART என்ற அந்த ஐந்து ஆங்கில எழுத்தில் கடைசி T, காலக்கெடு. எனக்கு அந்த எழுத்தே வேண்டாம்.

கிளினிக் மிஸ் சொன்னது வேறு. மனம் வரட்டும் என்று காத்திருக்காமல் சின்னதாக ஒன்றைச் செய்ய வேண்டும், மனம் பின்னால் வரும். மோசமான நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குச் சின்னதாக. அதனால் கொப்பியில் ஒரே ஒரு வரி: பின்னேரம் கடற்கரைக்குப் போய் ஒரு சரை கச்சான் வாங்குவது. தேதி இல்லை.

இனி வியாழக்கிழமைக் கதை. வழக்கமாகக் காசை நீட்டிவிட்டுப் பேசாமல் வந்துவிடுவேன். அன்றைக்கு, "அண்ணா, சூடானதில போடுங்கோ" என்று கேட்டேன். கச்சான்காரர் போட்டதைத் திரும்பக் கொட்டிவிட்டு அடியிலிருந்து அள்ளிப் போட்டார். மூன்று மாதத்தில் வெளியாளோடு நானாகப் பேசிய முதல் வசனம், அதுவும் கச்சானுக்காக! கோட்டையடியில் ஒரு மான் பின்னாலேயே வந்தது, அதற்குக்கூடக் கொடுக்கவில்லை.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். நடக்கிறாய், அப்போ குளிசையை விட்டாயிற்றா என்று போன வீடியோவின் கீழே கேட்டிருந்தீர்கள். இல்லை. டொக்டர் சொல்லாமல் ஒன்றைக்கூடக் குறைக்கமாட்டேன். கதைக்க ஆளில்லாமல் இருப்பவர்கள் 1926க்கு அடியுங்கள், இலங்கை அரசாங்கத்தின் மனநல உதவி இலக்கம் அது.

சரி, கொப்பியில் இரண்டாவது வரி நேற்றுத்தான் எழுதினேன். கன்னியாதான். என் சொந்த அண்ணன் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவான். ஏழு கிணறு இல்லை, ஒரு கிணறு, ஒரு வாளி. குளிராவிட்டால் இரண்டு வாளி.