பாடிக் கறக்கிற மாடு

(கோட்டையூரில் நடந்த வழியனுப்பு விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் சபைப் போதகர் ஐயா அவர்களே, சிவன் கோவில் அறங்காவலர் அண்ணன் அவர்களே, பதினோரு வருஷமாகத் தன் வீட்டு வளவு முற்றத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்ட ஆச்சி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அறங்காவலர் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஆத்தங்குடிக் கல்லுத் தரை எப்படிச் சில்லிட்டுப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து பாடக்கூடாது என்று சனிக்கிழமைதோறும் கோவில் ஜமுக்காளத்தை ஆள் வைத்துக் கொடுத்தனுப்பியவர் அவர். கோவில் ஜமுக்காளம், மாதாகோவில் பாட்டு வாத்தியார், செட்டியார் வீட்டு வளவு. நம்ம ஊர் இப்படித்தான் இருந்திருக்கிறது. போதகர் ஐயா இரண்டு பெஞ்சுகளும் ஒரு கரும்பலகையும் கொடுத்தார்கள். அந்தக் கரும்பலகையில் மேல்நாட்டுச் சுரம் எழுத அஞ்சு கோடு போட்ட தடம் இன்னும் அழியவில்லை. தலைவர் அவர்கள் இன்றைக்கு வேறு இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கொடுக்கப்போகும் மனுவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன். சுவீடனிலிருந்து வந்து நம்ம பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஐயாவும் அம்மாவும் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது ஒன்று. மேல்நாட்டுப் பாட்டும் நம்ம பாட்டும் எங்கே சேருகிறது, எங்கே பிரிகிறது என்பது இரண்டாவது. நம்ம பள்ளிகளில் பாட்டு வகுப்பு என்ன ஆகிறது என்பது மூன்றாவது.

வழியனுப்புவது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. கடல் தாண்டி வியாபாரத்துக்கு, கொண்டுவிக்கப் போனவர்களை வாசல்வரை வந்து அனுப்பிவிட்டு, மூன்று வருஷக் கணக்கு முடித்து அப்பச்சி எப்போது வருவார் என்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் இவை. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் நாம் அனுப்பியிருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து இங்கே வந்து, நம்ம பிள்ளைகளோடு பதினோரு வருஷம் இருந்துவிட்டு, சொந்த ஊரான சுவீடனுக்குத் திரும்புகிறவர்களை அனுப்புவதுதான் நமக்குப் பழக்கமில்லை.

எங்க அப்பத்தா ஒரு பழமொழி சொல்லும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். முப்பத்திரண்டு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் நான். அதன் அர்த்தம் எனக்கு முழுசாகப் புரிந்தது இந்த இரண்டு பேரையும் பார்த்த பிறகுதான்.

அந்த ஆர்மோனியப் பெட்டியின் கதையை இங்கே பாதிப்பேர் கேட்டிருப்பீர்கள். மீதிப்பேருக்காகச் சொல்கிறேன். அவர்கள் வந்த இரண்டாவது மாதம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனேன். பர்மாத் தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, சாமி படங்கள். நடுவே காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியம் ஒன்று. சென்னையில் ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் அலங்காரத்துக்கு வைக்க விலை பேசியிருந்தார்கள். அம்மா நேரே போய் மிதிகட்டையில் காலை வைத்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு. தூசி. ஒரே ஒரு சுரம் ஈனமாகக் கேட்டது. கடைக்காரர், "அது பாடாதும்மா, பார்க்கத்தான்" என்றார். அப்போது அம்மாவுக்கு அரைகுறைத் தமிழ். "பாடுது. சளி பிடிச்சிருக்கு" என்றார்கள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிலேயே விலையும் குறைந்தது!

டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினோம். ஐயா பின்பக்கப் பலகையைக் கழற்றினார். எலிக்கூடு, வேப்பங்கொட்டை, ஒரு ஓட்டைக் காலணா. துருத்தித் தோல் கிழிந்து தொங்கியது. நம்ம தவில்காரர் மெல்லிய ஆட்டுத்தோலாகப் பார்த்துக் கொண்டுவந்து ஒட்டிக்கொடுத்தார். ஆனால் காற்றில் அதிர்ந்து சுரம் எழுப்புகிற பித்தளை நாக்குகளில் ஒன்று முறிந்திருந்தது. அதற்குப் பதில் நாக்கு எங்கே கிடைக்கும்? தட்டாசாரியிடம் போனோம். அவர் தகட்டை வெட்டி அடித்துக் கொடுத்துவிட்டார், அது பெரிய விஷயமில்லை. சுரம் சேர்ப்பதுதான் பெரிய வேலை. நாக்கின் நுனியில் சுரண்டினால் சுரம் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். அதே சுரத்தை அடுத்த ஸ்தாயியில் ஐயா பிடித்துக்கொள்வார். இரண்டும் சேராதவரை சத்தம் அலை அலையாக அடிக்கும், வெங்கலப் பானையைத் தட்டினமாதிரி வாவ், வாவ், வாவ் என்று. ஆசாரி ஒரு மயிரிழை சுரண்டுவார், மாட்டுவார், காதை வைப்பார். அலை கொஞ்சம் நிதானமாகும். மறுபடி கழற்றுவார். மூன்று சாயங்காலம் இதே வேலை. மூன்றாவது நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த அலை நின்றது. சத்தம் ஒரே கோடாக நின்றது. "தங்கத்துலகூட நான் இம்புட்டு மெனக்கெட்டதில்ல" என்றார் ஆசாரி.

அப்போதுதான் ஆச்சி உள்கட்டிலிருந்து வந்து தூணோரமாக நின்றார்கள். "எங்க ஐயா ரங்கூன்ல இருந்து இப்படி ஒண்ணு கொண்டாந்தாக. வித்துட்டோம்" என்றார்கள். இது அதுதானா என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வளவுச் சாவியை எடுத்து அம்மா கையில் கொடுத்து, "நாளையிலேருந்து பிள்ளைகளை இங்கேயே வரச்சொல்லுங்க" என்றார்கள். அந்தச் சாவி இன்றைக்குக் காலையில்தான் ஆச்சி கைக்குத் திரும்பிப் போனது.

சரி, சொல்லிக்கொடுத்த முறைக்கு வருகிறேன். கொத்தனார் மகள் ஒருத்தி, முதல் மாதம் வாயே திறக்கவில்லை. அம்மா அவளிடம் பாட்டே கேட்கவில்லை. ஒரே ஒரு சுரம், அதை மட்டும் பிடித்துக்கொண்டிரு என்றார்கள். இரண்டு வாரம் அவள் அதைப் பிடித்தாள், மற்றவர்கள் அதன் மேல் பாடினார்கள். நாதசுரத்துக்கு ஒத்து இல்லையா, அதுதான். இரண்டு இசையும் சேருகிற இடமும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்ம பாட்டு ஒரே வரியாகப் போகும், வளைந்து அசைந்து போகும். அவர்கள் பாட்டில் நாலு குரல் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும், ஒன்று அசைந்தாலும் மற்றது கெடும். ஐயா பிள்ளைகளிடம் சொல்வார்: "இங்கே சுரத்தை ஆட்டாதே. கோவிலில் தேவாரம் பாடும்போது ஆட்டு." நம்ம இசையை அவர் ஒரு நாளும் குறைத்துப் பேசியதில்லை. பாட வராத தவில்காரர் பேரனுக்குத் தாளத்தைக் கொடுத்தார்கள். அம்மா அவனிடமே சொற்கட்டு கற்றுக்கொண்டார்கள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும்.

இது புதுசாக வந்த உறவும் இல்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-ல். மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரில் வளர்த்த வேதநாயக சாஸ்திரியார், 1774-ல் பிறந்தவர், கிறிஸ்துவை நம்ம ராகங்களில் பாடினார். பாலுசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு வயலினை எடுத்து நம்ம கச்சேரிக்குப் பழக்கினார். மிஷனரியாக வந்த பாப்லி நம்ம இசையைக் கற்று 1921-ல் அதைப்பற்றிப் புத்தகமே எழுதினார். நம்ம பக்கம் மட்டும் குறைச்சலா? வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசித்த சுப்பராமய்யரும் அவர் தம்பி சாம்பசிவய்யரும் காரைக்குடிப் பேரை நாடெல்லாம் கொண்டுபோனார்கள். கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலை அரசர் 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்டார். கல்விக்கு அள்ளிக்கொடுத்த அழகப்பர் இதே கோட்டையூர்க்காரர்.

ஆனால் பாருங்கள், இத்தனையும் தனி மனுஷர்கள் கொடுத்தது. கொடுத்தவர் போனால் என்ன ஆகிறது? நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அட்டவணையில் பாட்டு வகுப்பு என்று எழுதியிருக்கும். வாத்தியார் இல்லாததால் அந்த மணி கணக்குக்குப் போகும். ஒன்பது வருஷம் நான் அங்கே இருந்தேன், ஒரு நாள்கூட அந்த மணியில் பிள்ளைகள் பாடிக் கேட்கவில்லை. 2012-ல் அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. அப்போது மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரைநாள். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி எல்லாம் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை, இசை அதில் ஒரு மூலை. மூன்று அரைநாளில் ஒரு சுரத்தைச் சேர்க்க முடியுமா? ஒரு பித்தளை நாக்குக்கே மூன்று சாயங்காலம் ஆனது.

அதனால்தான் கேட்கிறேன். அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு முழுநேர இசை ஆசிரியர், நிரந்தரப் பணியிடமாக. நம்ம வட்டாரத்திலிருந்து தொடங்கட்டும். மனு தயாராக முகப்புத் திண்ணையில் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஊர்க் கையெழுத்தோடு மாவட்ட ஆட்சியரிடம் கொண்டுபோய்க் கொடுப்போம், நடக்கிறவரைக்கும் மறுபடி மறுபடி போவோம். ஆடிக் கேட்கணும் என்றால் ஆடுவோம், பாடிக் கேட்கணும் என்றால் இந்த நாற்பது பிள்ளைகளையும் கூட்டிப்போய் அலுவலக வாசலில் பாட வைப்போம். கந்தரப்பம் சூடாக இருக்கிறது, தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போங்கள். வெளிநாட்டுக்காரர் என்பதால் தாங்கள் கையெழுத்துப் போடுவது சரியாக இருக்காது என்று ஐயா சொன்னார். ஆனால் நாக்கு சுரண்டுகிற தன்னுடைய அரத்தையும் உளியையும் துணியில் சுற்றி ஆசாரியிடம் கொடுத்துவிட்டார்.

நாளை விடியக்காலை பல்லவன் ரயிலில் ஏறுகிறார்கள். வழியனுப்ப வருகிறவர்கள் ஐந்து மணிக்கெல்லாம் காரைக்குடி ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.

ஐயா, அம்மா, இப்போது பிள்ளைகள் பாடப்போகிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருங்கள், இன்றைக்குப் பெட்டி பக்கம் வரவேண்டாம். மிதிகட்டையில் கொத்தனார் மகள் உட்காருகிறாள். தம்பி, மைக்கை நிறுத்திவிடப்பா.