கப்பல்கள் வந்தன, கரை தெரியவில்லை

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரில், 1940 ஜூன் 4-ஆம் தேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பிரான்சின் வடகரையில் டன்கர்க் என்ற இடத்தில் ஜெர்மானியர்களிடம் மாட்டிக்கொண்ட படைகளை மீட்கும் வேலை அன்றைக்குத்தான் முடிந்தது. 3,38,226 பேரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். கடற்கரையிலும் சண்டை போடுவோம், சரணடைய மாட்டோம் என்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசியதும் அதே நாள்தான். பள்ளிப் பாடத்தில் பிரிட்டிஷ் படையின் பிரான்ஸ் கதை அத்துடன் முடிந்துவிடும். படை ஊர் திரும்பிவிட்டது, சுபம்.

ஆனால் அதே ஜூன் 4 விடியற்காலையில், டன்கர்க்கிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, சோம் நதிக்கரையில் அபவீல் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஸ்காட்லாந்துக்காரர்கள் ஜெர்மானியர்களை எதிர்த்து முன்னேறிக்கொண்டிருந்தார்கள். கேமரன் ஹைலாந்தர்கள், சீஃபோர்த் ஹைலாந்தர்கள், கார்டன் ஹைலாந்தர்கள் என்று ஸ்காட்லாந்தின் ஹைலாந்து மலைப்பகுதி ரெஜிமென்டுகள். சில நாள் முன்னால் பிரெஞ்சுத் தளபதி டி கோல் தன் டாங்கிகளோடு வந்து முட்டிப் பார்த்தும் முழுதாகப் பிடிக்க முடியாத இடம் அது. இவர்களுக்கும் முடியவில்லை. ஊரில் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நம் பையன்கள் வந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்ட வேளையில், இவர்கள் கோதுமை வயல்களில் இயந்திரத் துப்பாக்கிக்கு விழுந்துகொண்டிருந்தார்கள்.

இவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள்? காரணம் ரொம்பச் சாதாரணமானது. 51-வது ஹைலாந்து டிவிஷன் என்ற இந்தப் படைப்பிரிவை, ஜெர்மன் தாக்குதல் தொடங்கும் முன்பே, பிரான்சின் கிழக்கு எல்லையில் சார் பகுதிக்கு அனுப்பியிருந்தார்கள். மாஜினோ கோட்டை வரிசைக்கு முன்னால் நின்று எதிரியை நேரில் பார்த்துப் பழகட்டும், அனுபவம் வரட்டும் என்று பிரிட்டிஷ் படைகளை முறை வைத்து அங்கே அனுப்புவது வழக்கம். மே 10-ஆம் தேதி ஜெர்மானியர்கள் பாய்ந்தபோது இவர்களுடைய முறை. ஜெர்மன் டாங்கிகள் நடுவில் புகுந்து கடலைத் தொட்டதும், வடக்கே இருந்த பிரிட்டிஷ் படை டன்கர்க் பக்கம் சுருங்கியது. இவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம், பிரெஞ்சுத் தளபதிகளின் கட்டளைக்குக் கீழே மாட்டிக்கொண்டார்கள்.

டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் விக்டர் ஃபார்ச்சூன். ‘ஃபார்ச்சூன்’ என்றால் அதிர்ஷ்டம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டைக் கதையில் எழுதினால், பெயரை மாற்றுங்கள் என்று ஆசிரியரே சொல்லுவார்.

இந்த டிவிஷனில் எல்லோரும் ஸ்காட்லாந்துக்காரர்கள் இல்லை. இங்கிலாந்துப் படையணிகளும் இருந்தன. அவர்களுடைய சந்ததியினர் ‘எங்களை ஏன் மறந்துவிடுகிறீர்கள்’ என்று கேட்டால் நியாயம்தான். ஆனாலும் காலாட்படை பெரும்பாலும் ஹைலாந்து ஆட்கள். அதிலும் பல பட்டாலியன்கள், அதாவது ரெஜிமென்டின் உட்பிரிவுகள், ‘டெரிட்டோரியல்’ வகை. வேலை, விவசாயம் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் பயிற்சி எடுத்த உள்ளூர்க்காரர்கள். அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுக்காரன், ஒரே வகுப்பில் படித்தவன் எல்லோரும் பட்டாலியனுக்குள் ஒரே ‘கம்பெனி’ என்ற படைக்குழுவில் இருப்பார்கள். கேமரனின் 4-வது பட்டாலியன் என்றால் இன்வெர்னஸும் மேற்குத் தீவுகளும். கார்டனின் 5-வது என்றால் பீட்டர்ஹெட் பக்கம். அப்படிப்பட்ட ஒரு பட்டாலியன் போனால், ஒரு வட்டாரத்து இளவட்டமே மொத்தமாகப் போனது மாதிரி.

ஜூன் 5-ஆம் தேதி ஜெர்மானியர்களின் அடுத்த பெருந்தாக்குதல். ஃபிரான்லூ என்ற கிராமத்தில் இதே டிவிஷனில் இருந்த ஆர்கைல் ரெஜிமென்டின் 7-வது பட்டாலியனைச் சுற்றி வளைத்துச் சிதைத்துவிட்டார்கள். அதிலிருந்து பின்வாங்கல்தான். எங்கே போவது? லே ஹாவர் பெரிய துறைமுகம். அங்கே போய்ச் சேர்ந்தால் கப்பல் ஏறலாம். பிரிட்டிஷ் படையிடம் லாரிகள் இருந்தன, வேகமாகப் போயிருக்க முடியும். ஆனால் கூட இருந்த பிரெஞ்சுப் படையில் பெரும்பகுதி நடையும் குதிரை வண்டியும். அவர்களை விட்டுவிட்டு ஓடக்கூடாது என்பது உத்தரவு. பிரான்ஸ் போரிலிருந்து விலகிவிடுமோ என்ற பயத்தில் இருந்த சர்ச்சிலுக்கு, ‘பாருங்கள், எங்கள் ஆட்களும் உங்களோடு நிற்கிறார்கள்’ என்று காட்ட ஒரு படை தேவைப்பட்டது. ஆக, லாரி வைத்திருந்த படை குதிரையின் நடைக்கு நகர்ந்தது.

எதிரில் வந்தவர் யார்? ஜெர்மன் டாங்கிப் படைத் தளபதி ரோமல். ஜூன் 10-ஆம் தேதி அவருடைய 7-வது டாங்கி டிவிஷன் கடற்கரையைத் தொட்டு லே ஹாவர் வழியை அடைத்துவிட்டது.

ஃபார்ச்சூன் ஒன்று செய்திருந்தார். அதற்கு முந்தைய இரவே ஒரு பகுதியைப் பிரித்து, லே ஹாவரைக் காக்க முன்னால் அனுப்பினார். அடிபட்டு மிஞ்சிய ஆர்கைல் வீரர்களும் அதில் இருந்தார்கள். ரோமல் வழியை அடைக்கும் முன் அவர்கள் தாண்டிவிட்டார்கள், கப்பல் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குக் கிடைத்தது சென் வலரி.

அது ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம். இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தாக வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, நடுவில் ஒரு பிளவு, அந்தப் பிளவில் ஊர். அங்கே படகு விடலாம்; ஆனால் பாறை உச்சியில் ஒருவன் பீரங்கி வைத்துவிட்டால் கீழே எல்லாம் அவன் கையில். ரோமலின் ஆட்கள் மேற்குப் பாறையைப் பிடித்துவிட்டார்கள்.

சரி, கடற்படை வரவில்லையா? வந்தது. இந்த இடத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ‘ஸ்காட்லாந்துக்காரர்களைச் சர்ச்சில் பலி கொடுத்தார்’ என்று இன்றும் சொல்கிறார்கள். போர்ட்ஸ்மத்திலிருந்து அட்மிரல் ஜேம்ஸ் 67 வணிகக் கப்பல்களையும் சுமார் 140 சிறு படகுகளையும் திரட்டி அனுப்பியிருந்தார். ஜூன் 11 இரவு அவை கரைக்கு வெளியே நின்றன. அன்றைக்குப் பார்த்து மூடுபனி இறங்கியது. ரேடியோ வசதி பெரும்பாலான படகுகளில் கிடையாது. துறைமுகத்தில் வீரர்கள் எரிகிற ஊரின் நடுவே வரிசை கட்டிக் காத்திருந்தார்கள். கடலில் படகுகள் கரையைத் தேடிக்கொண்டிருந்தன. விடிந்தது, வரிசை கலைந்தது.

கிழக்கே சில கிலோமீட்டரில் வூல்-லே-ரோஸ் என்று ஒரு கிராமம். ரோஜா என்று பெயரிலேயே வருகிறது. அங்கே மட்டும் கொஞ்சம் படகுகள் கரை சேர்ந்தன. செய்தி பரவியதும் இருட்டில் பாறை விளிம்போடு ஆட்கள் நடந்தார்கள். இறங்க வழி தெரியவில்லை. துப்பாக்கியில் தோளில் மாட்டும் வார் இருக்குமே, அதை ஒன்றோடு ஒன்று முடிந்து கயிறாக்கித் தொங்கினார்கள். சில கயிறுகள் நீளம் பற்றவில்லை, சில அறுந்தன. விடிந்தபோது பாறை அடிவாரத்தில் கிடந்தவர்களைப் பார்த்ததாகத் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படியும் அந்தக் கரையிலிருந்து பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரர்களுமாக மூவாயிரம் பேருக்கு மேல் ஏறினார்கள்.

ஜூன் 12 காலை, தேவாலயக் கோபுரத்தில் வெள்ளைக் கொடி. அதை இறக்கச் சொன்னார் ஃபார்ச்சூன். அப்புறம்தான் தெரிந்தது, பிரெஞ்சுத் தளபதி ஏற்கெனவே சரணடைந்துவிட்டார் என்று. இவரும் சரணடைய வேண்டியதாயிற்று. ரோமலுக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் புகைப்படம் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்கள். நேராகத்தான் நிற்கிறார், ஆனால் முகத்தைப் பார்த்தால் இரண்டு மூன்று நாள் தூங்காத மனிதர் என்று தெரியும்.

ஏறத்தாழ 10,000 பேர் கைதானார்கள். பத்தே நாளில், ஜூன் 22-ஆம் தேதி, பிரான்ஸ் போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டது. எந்த நட்பைக் காட்ட அவர்களை நிறுத்தி வைத்தார்களோ அது பத்து நாள் தாங்கியது. பலி கொடுக்கத் திட்டம் போட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அதற்கு அந்தக் கப்பல்களே சாட்சி. தாமதம்தான் கொன்றது. ஆனால் அந்தத் தாமதத்தை முடிவு செய்தவர்கள் யாரும் அந்தப் பாறையில் தொங்கவில்லை.

அப்புறம் நடை. வட பிரான்ஸ், பெல்ஜியம் வழியாக வாரக்கணக்கில். வழியில் கிராமத்துப் பெண்கள் வாளியில் தண்ணீர் வைப்பார்கள். காவலன் வந்து உதைத்துக் கொட்டுவான். கைதிகளின் நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சி இது. சரக்குப் படகிலும் ரயிலிலும் அடைத்து ஜெர்மனிக்கும் போலந்துக்கும் கொண்டுபோனார்கள். சாதாரணச் சிப்பாய்களுக்குப் பண்ணை, கல்குவாரி, உப்புச் சுரங்கம். ஐந்து வருஷம். ஊரில் அம்மாக்களுக்கு வந்த முதல் செய்தி ‘காணவில்லை’ என்பது மட்டும்தான். உயிரோடு இருக்கிறான் என்று ஒரு கார்டு வர மாதக்கணக்கில் ஆனது.

ஆர்கைல் ரெஜிமென்டைச் சேர்ந்த மூன்று பேர் தப்பி ஓடி மறுபடி பிடிபட்டபோது, ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கிலேயே பேசி, நாங்கள் அந்தப் பக்கத்து ஆட்கள் என்பதுபோல வரைபடத்தில் ரஷ்யப் பக்கம் கையைக் காட்டித் தப்பித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. எவ்வளவு உப்புக் கூடியதோ, எனக்குப் பிடித்த கதை.

இன்னொன்று நிச்சயமாக நடந்தது. ஜெர்மனியில் லாஃபன் என்ற இடத்தில், கைதான அதிகாரிகளை வைத்திருந்த முகாமில் ஜிம்மி அட்கின்சன் என்ற லெஃப்டினன்ட்டும் அவருடைய நண்பர்களும் ஒரு நடனம் அமைத்தார்கள். நான்கு ஜோடி ஆட வேண்டிய நடனம்; பெண்கள் இல்லாததால் ஆண்களே இரண்டு பக்கமும். நடுவில் ஓர் இடத்தில் கைகோத்து முதலில் ஒரு குறுக்கு வாட்டிலும், அடுத்து எதிர்க் குறுக்கு வாட்டிலும் நிற்பார்கள். இரண்டையும் சேர்த்து மேலிருந்து பார்த்தால் ஸ்காட்லாந்துக் கொடியின் பெருக்கல் குறி. ஆட்ட விவரத்தை ஊருக்குக் கடிதத்தில் எழுதினால், தணிக்கைக்காரர்கள் இது ஏதோ ரகசியக் குறியீடு என்று பிடித்து வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். ஒரு காலை முன்னால் வை, வலக்கையைக் கொடு, சுற்று என்று எழுதியிருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது! ‘51-வது டிவிஷனின் ரீல்’ (ரீல் என்றால் அந்த ஊர் நடன வகை) என்ற பெயரில் இன்றைக்கும் ஸ்காட்லாந்தில் அதை ஆடுகிறார்கள்.

ஃபார்ச்சூனுக்கு 1944-இல் பக்கவாதம் வந்தது. நோயாளி என்பதால் ஊருக்கு அனுப்புகிறோம் என்றார்கள். என் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள் என்று மறுத்துவிட்டார்.

இதற்குள் ஸ்காட்லாந்தில் அதே எண்ணில் ஒரு புது 51-வது டிவிஷனை உருவாக்கியிருந்தார்கள். எகிப்தின் எல் அலமைன், இத்தாலியின் சிசிலி என்று சண்டை போட்டு பிரான்சின் நார்மண்டிக்கு வந்தது. 1944 செப்டம்பர் தொடக்கத்தில், சென் வலரியை இவர்களே போய் மீட்கட்டும் என்று பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி ஏற்பாடு செய்தார். டிவிஷனுக்கு அப்போது தளபதி டாம் ரென்னி. 1940-இல் அதே ஊரில் கைதாகி, சில நாட்களிலேயே தப்பி வந்தவர். தான் பிடிபட்ட ஊருக்குள் தளபதியாக நுழைந்தார். பேக்பைப் வாசித்தார்கள்.

1945 மார்ச் 24-இல் ரைன் நதியைக் கடக்கும் சண்டையில் குண்டு விழுந்து ரென்னி இறந்தார். அவரோடு சென் வலரியில் பிடிபட்ட சிப்பாய்களில் பலர் அந்த வாரங்களில் இன்னும் காவலர்களின் பிடியில்தான் இருந்தார்கள். ரஷ்யப் படை நெருங்கியதால் முகாம்களைக் காலி செய்து, ஜனவரிப் பனியில் கிளப்பி, மேற்கு நோக்கி அவர்களை மறுபடி நடக்க வைத்திருந்தார்கள்.