எலும்புக்குக் கட்டுற சாரம்

வணக்கம் நேயர்களே. செயற்கை எலும்பைப் பற்றி கொஞ்சம் கதைக்கச் சொல்லி கூப்பிட்டிருக்கினம். முதலே சொல்லிப்போடுறன், நான் டொக்டர் இல்ல. செராமிக் படிச்ச ஆள், கோப்பை பீங்கானில தொடங்கி எப்பிடியோ எலும்பில வந்து நிக்கிறன்.

இது எங்கட வீட்டுக்குள்ளயே வந்த கதை. மனிசியின்ர தம்பி காலி ரோட்டில மோட்டர் சைக்கிளோட விழுந்து முழங்காலுக்குக் கீழ எலும்பு நொறுங்கி, ஊத்தை பட்ட துண்டுகளை எல்லாம் டொக்டர்மார் எடுத்தெறிய வேண்டி வந்திட்டுது, கடைசியா எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தா நாலு விரல் அகலத்துக்கு நடுவில ஒண்டுமே இல்ல, வெறும் கறுப்பு. மாமி என்னைத்தான் கேட்டா, "தம்பி நீங்க இதைத்தானே படிச்சனீங்க, ஒரு எலும்பு செய்து குடுக்க ஏலாதோ?"

சாதாரண முறிவெண்டா எலும்பு தானாவே ஒட்டிக்கொள்ளும், அசையாம வச்சிருந்தாப் போதும். ஆனா இடைவெளி ரெண்டு மூண்டு சென்ரிமீற்றரைத் தாண்டிப் போச்செண்டா கால் எலும்பால அதைத் தாண்டி வளர ஏலாது, நடுவில தசைநார் மாதிரி ஒண்டு வந்து அடைச்சுப்போடும். அதுக்கு இண்டைக்கும் முதல் மருந்து ஆளின்ர சொந்த இடுப்பு எலும்பில இருந்து சுரண்டி எடுத்து வைக்கிறதுதான். அதில உயிருள்ள கலமும் இருக்கு, வளரச் சொல்லுற புரதமும் இருக்கு. ஆனா இடுப்பில எவ்வளவைத்தான் சுரண்டுறது, பிறகு கால் நோவை விட இடுப்பு நோதான் கூட எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். இறந்தவை தானம் குடுக்கிற எலும்பைக் கதிர்வீச்சில கிருமி நீக்கி வைக்கிறதும் உண்டு, கொழும்பிலயே 1996 இல இருந்து அதுக்கொரு திசு வங்கி இருக்கு.

அப்ப ஏன் செய்ய ஏலாது? வீட்டில ஒண்டு செய்து பாருங்கோ. கோழிக்கால் எலும்பை வினாகிரிக்குள்ள நாலைஞ்சு நாள் ஊறப்போட்டு எடுத்தா ரப்பர் மாதிரி வளையும், ஏனெண்டா கல்சியம் கரைஞ்சு கொலாஜன் எண்ட புரத நார் மட்டும் மிஞ்சும். இன்னொண்டை அடுப்பில நல்லா எரிச்சு எடுத்தா வெள்ளையா வரும், தட்டினா பொடி, கொலாஜன் போட்டுது. எலும்பெண்டது இது ரெண்டும் சேர்ந்த சாமான். நாங்கள் உலையில செய்யிறது இந்த ரெண்டாவது ஆள், ஹைட்ரொக்சி அப்பட்டைட் எண்ட கல்சியம் பொஸ்பேட், எப்பாவலயில உரத்துக்குத் தோண்டுறாங்களே அந்தப் பொஸ்பேட்டின்ர சொந்தக்காரன். மேசையில இருந்து விழுந்தா ரெண்டாப் போகும். அதனாலதான் உடம்பின்ர பாரத்தைத் தாங்காத தாடை, கன்ன எலும்பில இது லேசு, நிண்டு நடக்கிற காலில கம்பியோ பிளேட்டோ துணைக்கு இல்லாம விட ஏலாது.

உடம்போட ஒட்டுமோ எண்ட கேள்விக்கு எப்பவோ பதில் கிடைச்சிட்டுது. 1967 இல அமெரிக்காவில லரி ஹென்ச் எண்ட கண்ணாடி ஆராய்ச்சிக்காரரிட்ட, பஸ்ஸில பக்கத்தில இருந்த கேணல் ஒராள், வியட்நாமில இருந்து வந்த ஆள், கை கால் வெட்டுறதைப் பார்த்து அலுத்துப் போய், உடம்பு வெளிய தள்ளாத சாமான் ஒண்டு உங்களால செய்ய ஏலாதோ எண்டு கேட்டிருக்கிறார். 1969 இல ஹென்ச் கல்சியமும் பொஸ்பரசும் போட்ட கண்ணாடியை எலியின்ர தொடை எலும்பில வைச்சுப் பார்த்தா ஆறு கிழமையால கழட்டவே ஏலேல்ல, எலும்போட ஒண்டாப் போச்சு. (பஸ்ஸில பக்கத்தில இருக்கிறவரோட கதைக்கிறது ஒருக்காலும் வீண் இல்ல பாருங்கோ.)

உண்மையான தலையிடி உள்ளுக்க ரத்தம் போறது. என்ர மேசையில நாங்கள் செய்த செராமிக் துண்டு ஒண்டு கிடக்கு, தீப்பெட்டியில பாதி அளவு, நாக்கில வைச்சா ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு ஓட்டை, பிளேன்டீயில ரஸ்க் தொட்டா எப்பிடி உறிஞ்சுமோ அப்பிடி. ஒவ்வொரு ஓட்டையும் 100 இல இருந்து 500 மைக்ரோன் (ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீற்றர்), தலைமயிரின்ர தடிப்பை விடப் பெரிசு, ஒண்டோடொண்டு தொடுத்தும் இருக்கோணும், இல்லாட்டி ரத்தக் குழாய் எப்பிடி நுழையும். கலமொண்டு ரத்தக் குழாயில இருந்து கால் மில்லிமீற்றர் தள்ளி இருந்தாலே பட்டினிதான். அதால வெளிப்பக்கம் வடிவா எலும்பு வளரும், நடு செத்துக் கிடக்கும். சிடி ஸ்கேனைப் பார்த்து அச்சு அசலா த்ரீடி பிரிண்டரில அடிச்சுப்போடலாம், வடிவம் இப்ப பிரச்சினையே இல்ல, பேப்பர்காரர் ஏன் அதையே பெரிசா எழுதுறாங்களோ தெரியேல்ல.

வளர்ச்சிப் புரதம் சேர்க்கலாம்தானே எண்டா, 1965 இல மார்ஷல் யூரிஸ்ட் எண்ட அமெரிக்க டொக்டர் கண்டுபிடிச்ச பிஎம்பி எண்ட புரதம் இருக்கு, 2002 இல அமெரிக்காவில முதுகெலும்பு ஒப்பரேஷனுக்கு அனுமதியும் குடுத்திச்சினம், ஆனா கழுத்தில பாவிச்ச ஆக்களுக்கு வீங்கி மூச்சு முட்டினதால 2008 இல எச்சரிக்கை விட வேண்டி வந்தது.

நாங்கள் செய்யிறது எலும்பு இல்ல, சாரம். உடுக்கிற சாரம் இல்ல, கட்டடத்துக்குக் கட்டுறது, சிங்களத்தில பலஞ்சிய எண்டுவினம். சுவர் காய முதல் கழட்டினா இடிஞ்சு விழும், கழட்டாமலே விட்டா வீட்டுக்குள்ள குடியிருக்க ஏலாது. ட்ரைகல்சியம் பொஸ்பேட் எண்ட இன்னொரு செராமிக் மாசக்கணக்கில கரையும், ஹைட்ரொக்சி அப்பட்டைட் வருசக்கணக்கா இருக்கும், எங்களுக்கு வேண்டியது ரெண்டுக்கும் இடையில, அதுவும் இருபது வயசுக்காரனுக்கு ஒரு கணக்கு, சீனி வருத்தம் உள்ளவருக்கு வேற கணக்கு.

மாமியின்ர மகனுக்கு முதல்ல எலும்புக்கெண்டே டொக்டர்மார் பாவிக்கிற சீமெந்தில ஒரு கட்டியை இடைவெளியில வைச்சு ரெண்டு மாசம் விட்டினம், அதைச் சுத்தி உடம்பே ஒரு சவ்வு பின்னும், ரத்தக் குழாய் நிறைஞ்ச சவ்வு, பிறகு கட்டியை எடுத்திட்டு இடுப்பு எலும்போட செராமிக் குருணியும் கலந்து நிரப்பினது. பிரான்சில மஸ்கலே எண்டவர் தொடக்கின முறை. சிகரெட்டையும் விடச் சொன்னது, அதை விடுறதுக்குத்தான் ஆள் கூடக் கஷ்டப்பட்டார்.

ஒரு வருசத்தால எக்ஸ்ரே எடுத்திட்டு வந்தான். கறுப்பா இருந்த இடத்தில சாம்பல் நிறம், அதுக்குள்ள அங்கங்க அரிசிக் குருணி மாதிரி வெள்ளைப் புள்ளி, கரையாத செராமிக். விரலை வைச்சுக் காட்டிச் சொன்னான், "அத்தான், உங்கட ஆக்கள் இன்னும் பலஞ்சி கழட்டேல்ல."